5-ஆல் பெருக்கியது 5-ஆல் வகுத்தால்தான் போகும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகள் ஏழாம் வகுப்பு. கூட்டல், கழித்தல் சமன்பாடுகளைச் சரியாகப் போடுகிறாள். ஆனால் ஐந்து எக்ஸ் சமம் முப்பத்தைந்து என்றால் விடை 30 என்று எழுதுகிறாள். எக்ஸ் பை நான்கு சமம் பன்னிரண்டு என்றால் 3 என்கிறாள். வாய்ப்பாடு எல்லாம் நன்றாகத் தெரியும். நான் பத்தாவது வரைதான் படித்தேன். வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. 30 என்பது கண்ணை மூடிக்கொண்டு போட்ட விடை அல்ல. 35-லிருந்து 5-ஐக் கழித்திருக்கிறாள். 3 என்பதும் அப்படித்தான், 12-ஐ 4-ஆல் வகுத்திருக்கிறாள். இரண்டு இடத்திலும் ஏதோ ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்த விதி அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இதே இரண்டு விடைகளோடு வருகிறார்கள். இதைச் சரிசெய்ய நீங்கள் பத்தாவது வரை படித்தது தாராளம்.

நோட்டில் எக்ஸ் என்று ஆங்கில எழுத்து இருக்கும். இங்கே நான் "ப" என்று எழுதுகிறேன். எழுத்து எதுவானால் என்ன, தெரியாத ஓர் எண்ணுக்கு நாம் வைத்த பெயர் அது. வீட்டிலும் நடுநடுவே எழுத்தை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ் போட்டால் செய்கிற பிள்ளை "ப" போட்டதும் திகைத்து நின்றால், அவள் எண்ணைத் தேடவில்லை, கண்ணுக்குப் பழகிய வடிவத்தைப் பார்த்துக் கை பழகிய வேலையைச் செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல் சிக்கல் வாசிப்பதிலேயே இருக்கிறது. 5ப என்பதில் 5-க்கும் ப-வுக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி உண்டு. அதை எழுதுவதில்லை. பெருக்கல் குறியும் எக்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் விட்டுவிடுவது பெரியவர்களுக்கு வசதி. ஆனால் பிள்ளைக்கு அதுவரை இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வேறு அர்த்தம். 5-க்குப் பக்கத்தில் 6 எழுதினால் ஐம்பத்தாறு. இன்று இரவே மகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ப என்பது 6 என்றால், 5ப எவ்வளவு?" 56 என்று சொன்னால் அவள் இலக்கங்களை ஒட்டுகிறாள். 11 என்றால் கூட்டுகிறாள். 30 என்றால் சரியாக வாசிக்கிறாள். முதல் இரண்டில் ஒன்று வந்தால் சமன்பாட்டை இரண்டு நாளைக்கு ஓரமாக வைத்துவிட்டு, 3ப, 7ப, 10ப என்று எழுதி, ப-வுக்கு ஓர் எண் கொடுத்து மதிப்பு மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இது தெரியாமல் மேலே போனால் எந்த விதி சொன்னாலும் காற்றில் போகும்.

ப/4 என்பதையும் வாயால் முழுதாகச் சொல்ல வையுங்கள். "ப பை நாலு" என்று ஓட்டிவிடக் கூடாது. "ப என்ற எண்ணை நாலு சம பங்காகப் பிரித்ததில் ஒரு பங்கு." நீளமாக இருக்கிறது என்று முகம் சுளிப்பாள். இருந்தாலும் சொல்லட்டும். இப்படிச் சொன்ன பிறகு "ஒரு பங்கு 12 என்றால் மொத்தம் 3" என்று எந்தப் பிள்ளையும் எழுதிப் பார்த்ததில்லை. ஒரு பங்கே 12 இருக்கும்போது முழுசு எப்படி 3 ஆகும் என்று அவளுக்கே உறுத்தும்.

காசிமேட்டுப் பையன் ஒருவன் என்னிடம் படித்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். போட் கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், போட்டுக்காரர் பங்கு எல்லாம் போக மீதியைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே அளவாக வராது, ஆளைப் பொறுத்து மாறும். கணக்குக்காக சமம் என்றே வைத்துக்கொண்டு அவனிடம் கேட்டேன்: "ஒன்பது பேர் சமமா பிரிச்சாங்க. ஆளுக்கு 640 ரூபாய். பிரிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்?" விரல்கூட மடக்காமல், "5,760 மிஸ்" என்றான். அதையே நோட்டில் எழுதிக் காட்டினேன்:

ப/9 = 640

பேனாவை எடுத்து 640-ஐ 9-ஆல் வகுக்க ஆரம்பித்தான். 71 வந்தது, மீதி 1. ஏன்டா வகுக்கிறாய் என்றதற்கு, "வகுத்தல் போட்டிருக்கே மிஸ், அப்ப வகுக்கணும்ல?" என்றான்.

உங்கள் மகளின் இரண்டாவது தவறுக்கு இதுதான் காரணம். பிள்ளைகள் அத்தனை ஆண்டுகளாகச் செய்த கணக்கில் குறி என்பது கட்டளை. கூட்டல் குறி இருந்தால் கூட்டு, வகுத்தல் குறி இருந்தால் வகு. சமன்பாட்டில் குறி கட்டளை இல்லை. ஏற்கெனவே நடந்து முடிந்ததைச் சொல்லும் செய்தி அது. ப/9 = 640 என்றால் யாரோ ப-வை 9-ஆல் வகுத்துவிட்டார்கள், 640 வந்துவிட்டது, இப்போது ப எவ்வளவு இருந்தது என்று கண்டுபிடி. நடந்தது வகுத்தல். நாம் செய்ய வேண்டியது அதைத் திரும்பப் பெறுவது. வகுத்ததைத் திரும்பப் பெறும் செயல் பெருக்கல். 640 × 9 = 5,760. பையன் வாயால் சொன்னதும் இதைத்தான்.

ஆகவே ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் முன்னால் உங்கள் மகள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: "ப-வுக்கு என்ன நடந்திருக்கிறது?" 5-ஆல் பெருக்கப்பட்டிருக்கிறது என்றால், அதன் எதிர்ச்செயல் 5-ஆல் வகுப்பது. 4-ஆல் வகுக்கப்பட்டிருக்கிறது என்றால், எதிர்ச்செயல் 4-ஆல் பெருக்குவது. 5 கூட்டப்பட்டிருந்தால் மட்டுமே 5-ஐக் கழிக்க வேண்டும். 5ப-வில் 5 கூட்டப்படவில்லை. அதனால் கழித்தால் அந்த 5 போகாது. நம்பாவிட்டால் ஓர் எண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 9-ஐ எடுத்து 5-ஆல் பெருக்கினால் 45. 45-லிருந்து 5-ஐக் கழித்தால் 40, பழைய 9 திரும்பி வரவில்லை. 45-ஐ 5-ஆல் வகுத்தால் 9, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். நாலைந்து எண்களை அவளே தேர்ந்தெடுத்து இப்படிப் போய்த் திரும்பட்டும். நாம் சொல்லி மனதில் நிற்பதைவிட இது நிற்கும்.

வாய்ப்பாடு தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய கைமுதல். 7 × 5 = 35 தெரிந்த பிள்ளைக்கு 35 ÷ 5 = 7, 35 ÷ 7 = 5 இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. இவை தனித்தனிக் கணக்குகள் இல்லை, ஒரே செய்தியை மூன்று விதமாகச் சொல்வது. "ஐந்தை எதால் பெருக்கினால் 35?" என்று கேட்டால் அவள் உடனே 7 என்பாள். தொடக்கத்தில் அப்படிக் கண்டுபிடிக்கட்டும், தடுக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து 13ப = 299 கொடுங்கள். பதின்மூன்றாம் வாய்ப்பாடு அவ்வளவு தூரம் யாருக்கும் மனப்பாடமாக இருக்காது. ஊகித்துப் பார்த்துக் களைத்த பிறகு 299 ÷ 13 = 23 என்று நேரே போகும் வழியைக் காட்டினால், முறை எதற்கு என்று அவளுக்கே புரியும்.

அடுத்து, எதற்காக இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பது. பள்ளியில் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு, அதனால் நின்று சொல்கிறேன்.

சமக்குறியைப் பிள்ளைகள் "விடை வருது" என்ற மணியோசை போலக் கேட்கிறார்கள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில் என்று நினைப்பு. அதனால்தான் நோட்டில் 35 ÷ 5 = 7 × 2 = 14 என்று தொடர்ந்து எழுதிக்கொண்டே போவார்கள். 35 ÷ 5 என்பது 14 ஆகுமா? ஆகாது. ஆனால் அவர்கள் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது. இந்த இரட்டைக் கோட்டை முதன்முதலில் அச்சில் போட்டவர் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்ட், 1557-இல். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு எதுவும் இருக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். 5ப = 35 என்றால் இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதும் ஒரே எண், இரண்டு உடையில். ஒரே எண்ணை 5-ஆல் வகுத்தால் ஒரே விடைதான் வரும். அதனால் இரண்டு பக்கத்தையும் 5-ஆல் வகுத்தாலும் சமம் குலையாது.

இதைக் கையால் காட்ட வேண்டுமென்றால், இப்போது மார்க்கெட்டில்கூட எலக்ட்ரானிக் தராசுதான், தட்டுத் தராசைப் பிள்ளைகள் பார்ப்பதே அரிது. துணி மாட்டும் ஹேங்கர் போதும். ஆணியில் மாட்டி, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி பையைக் கட்டுங்கள். ஒரு பையில் ஒரே அளவுள்ள மூன்று சோப்பு. மறு பையில் ஹேங்கர் நேராக நிற்கும்வரை சர்க்கரை. இப்போது சர்க்கரையை மூன்று சம பங்காகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் பையில் விடுங்கள், இந்தப் பக்கம் ஒரு சோப்பை மட்டும் விடுங்கள். ஹேங்கர் மறுபடியும் நேராக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் மூன்றில் ஒன்றாக்கினால் சாய்ந்துவிடும். 3ப = சர்க்கரை, ஆகவே ப = சர்க்கரை ÷ 3. ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், தினமும் சோப்பைத் தேட வேண்டியதில்லை. குறை எண்கள், அதாவது மைனஸ் எண்கள், வரும்போது எப்படியும் ஹேங்கர் உதவாது.

நோட்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

5ப = 35
5ப ÷ 5 = 35 ÷ 5
ப = 7

ப/4 = 12
ப/4 × 4 = 12 × 4
ப = 48

நடுவரி முக்கியம். "தெரியுமே, எதுக்கு எழுதணும்" என்பாள். ஒரு மாதமாவது விடாமல் எழுதட்டும். "அந்தப் பக்கம் போனால் மாறும்" என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அது இந்த நடுவரியின் சுருக்கம். சுருக்கத்தை மட்டும் கற்ற பிள்ளைக்கு என்ன ஆகிறது? ப + 5 = 35 என்பதில் 5 அந்தப் பக்கம் போய் மைனஸ் ஆனது. அதையே 5ப-விலும் செய்கிறாள். எண் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரு செயல் நடக்கிறது, அதன் பயனாக ஒரு பக்கம் அந்த எண் மறைகிறது. உங்கள் மகளின் 30 பிறந்த இடம் இதுதான்.

அப்புறம் சரிபார்த்தல். இதைக் கடைசியில் ஒட்டும் சடங்காக நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால் விடை காண்பதைவிட இதுதான் பெரிது. வந்த விடையைப் பழைய சமன்பாட்டில் ப இருந்த இடத்தில் வைக்க வேண்டும். 5 × 30 = 150. கேட்டது 35. அவ்வளவுதான், யாரும் சொல்லாமலே 30 தப்பு என்று தெரிந்துவிட்டது. 5 × 7 = 35, சரி. 3/4 என்பது 12 ஆகுமா? ஆகாது. 48/4 = 12, சரி. வேறு பாடங்களில் விடை சரியா என்று தெரிய ஆசிரியர் சிவப்பு மையால் டிக் போடும்வரை காத்திருக்க வேண்டும். சமன்பாட்டில் மட்டும் பிள்ளையே தன் விடைக்கு நீதிபதி. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும், தேர்வு அறையிலும், இது அவளுக்குக் கைகொடுக்கும். அதனால் அவள் விடையைக் காட்டி "சரியாம்மா?" என்று கேட்டால் சரி, தப்பு என்று சொல்லாதீர்கள். "வச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு வாரத்தில் கேட்பதையே நிறுத்திவிடுவாள்.

இது வரைக்கும் பழகிய பிறகு பிள்ளைகள் தடுக்கி விழும் அடுத்த இடங்களைச் சொல்கிறேன்.

பெரிய எண்ணைச் சின்ன எண்ணால்தான் வகுக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 8ப = 176 சுலபமாகப் போடுவார்கள். இது ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலைக் கணக்கு. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி கட்டுகிறார்கள். ஒரு பயணிகள் பெட்டிக்குக் கீழே இரண்டு போகி (சக்கரங்கள் பொருத்திய சட்டம்), ஒவ்வொன்றிலும் நாலு சக்கரம், ஆக எட்டு. 176 சக்கரம் இருந்தால் எத்தனை பெட்டிக்கு வரும்? 176 ÷ 8 = 22. இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் 6ப = 4 கொடுங்கள். பாதிப் பேர் 6-ஐ 4-ஆல் வகுத்து 1.5 என்பார்கள். துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் 4 மீட்டர் ரிப்பன் வாங்கி ஆறு பெண் பிள்ளைகளுக்குச் சமமாக வெட்டுகிறீர்கள், ஆளுக்கு ஒன்றரை மீட்டர் வருமா? ஒன்றரை மீட்டர் வீதம் ஆறு பேருக்கு 9 மீட்டர் வேண்டும். ப-வுக்கு நடந்தது 6-ஆல் பெருக்கல், ஆகவே இரண்டு பக்கமும் 6-ஆல் வகுக்க வேண்டும், எது பெரிசு எது சிறிசு என்ற பேச்சுக்கே இடமில்லை. 4/6, சுருக்கினால் 2/3 மீட்டர், ஏறத்தாழ 67 சென்டிமீட்டர். விடை பின்னமாக வந்தால் எங்கோ தப்பு என்று பிள்ளைகள் பதறுவார்கள். பாடப் பயிற்சிகளில் பெரும்பாலும் முழு எண்ணாகவே வந்து பழக்கிவிட்டதால் வரும் பதற்றம் அது. 4ப = 30 போன்றவற்றை வேண்டுமென்றே இடையில் கலந்து கொடுங்கள், 7.5 வரட்டும்.

0.5ப = 6 என்றால் 3 என்று எழுதுவதும் இதே குடும்பம்தான். 6-ஐ 0.5-ஆல் வகுத்தால் 12. வகுத்தால் சிறிதாகத்தானே ஆகும் என்று கேட்பாள். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவிலுள்ள எண்ணால் வகுத்தால் பெரிதாகும். 6 ரூபாயில் எத்தனை ஐம்பது காசு இருக்கிறது என்று கேட்டால் 12 என்று சொல்லிவிடுவாள்.

பின்னம் பெருக்கியிருந்தால் இரண்டு படியாகப் பிரித்துக்கொள்ளலாம். (2/3)ப = 18. தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், குடத்தால் அளந்தால் 18 குடம். முழுத் தொட்டி எத்தனை குடம்? தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துப் பழகிய தெருக்களில் இந்தக் கணக்கைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இரண்டு பங்கு 18 என்றால் ஒரு பங்கு 9. மூன்று பங்கு 27. எழுத்தில் பார்த்தால், 2-ஆல் வகுத்தோம், 3-ஆல் பெருக்கினோம். இரண்டையும் சேர்த்து ஒரே அடியாக 3/2-ஆல் பெருக்கியதாகவும் எழுதலாம், 18 × 3/2 = 27. முதல் வழி புரிந்த பிறகு இரண்டாவது வழிக்குப் போகட்டும். தலைகீழாக்கிப் பெருக்கு என்று மொட்டையாகச் சொல்லிக்கொடுத்தால் எதைத் தலைகீழாக்குவது என்பது ஒரு மாதத்தில் மறந்துவிடும்.

குறை எண்களில் −3ப = 21 என்று வந்தால், 3-ஆல் வகுத்து 7 என்று எழுதி மைனஸை வழியிலேயே விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் மைனஸைப் பார்த்ததும் 3-ஐக் கூட்டி 24 என்பார்கள். இங்கே ப-வின் கெழு, அதாவது ப-வைப் பெருக்கும் எண், −3. மைனஸும் சேர்ந்ததுதான் கெழு. ப-வை −3-ஆல் பெருக்கியிருக்கிறார்கள், ஆகவே −3-ஆல் வகுக்க வேண்டும். 21 ÷ (−3) = −7. வைத்துப் பார்த்தால் −3 × −7 = 21. −ப = 8 என்று வந்தால் எண்ணே தெரியவில்லையே என்று நிற்பார்கள், அங்கே ஒளிந்திருப்பது −1. விடை −8.

இவை எல்லாவற்றிலும் கடினம் இது:

20/ப = 4

மேலோட்டமாகப் பார்த்தால் ப/20 = 4 போலவே இருக்கும். அதைப் போல 20 × 4 = 80 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் "ப-வுக்கு என்ன நடந்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ப-வை யாரும் வகுக்கவில்லை. ப-தான் 20-ஐ வகுத்திருக்கிறது. அதனால் முதலில் இரண்டு பக்கமும் ப-வால் பெருக்க வேண்டும். 20 = 4ப என்றாகும். இப்போது பழகிய உருவம் வந்துவிட்டது, இரண்டு பக்கமும் 4-ஆல் வகுத்தால் ப = 5. 20/5 = 4, சரி. 80-ஐ வைத்திருந்தால் 20/80 = 1/4 என்று வந்து தவறு வெளிப்பட்டிருக்கும். ஏழாம் வகுப்பில் இது அதிகம் வராது. ஆனால் ஒன்பதாவது, பத்தாவதில் வேகம், நேரம், தூரம் என்று வரும்போது இதில்தான் மாட்டுவார்கள். இப்போதே ஒன்றிரண்டு பழக்கிவிடுவது நல்லது.

பூச்சியத்தைப் பற்றி அவள் கேட்டால் மழுப்பாதீர்கள், அது நல்ல கேள்வி. எந்த எண்ணால் பெருக்கினாலும் வகுத்துத் திரும்பலாம் என்று சொன்னோம். பூச்சியத்தால் பெருக்கினால் மட்டும் திரும்ப முடியாது. 9 × 0 = 0, 4 × 0 = 0, ஆயிரத்தைப் பெருக்கினாலும் 0. கையில் 0 மட்டும் இருந்தால் புறப்பட்டது 9-லிருந்தா 4-லிருந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்கிறார்கள். 0 × ப = 5 என்றால் எந்த எண்ணும் பொருந்தாது. 0 × ப = 0 என்றால் எல்லா எண்ணும் பொருந்தும்.

அவள் இதில் தெளிந்தபின் இரண்டு செயல் சேர்ந்து வரும் சமன்பாடு தானாகவே வந்துவிடும். எம்.சி. ரோட்டில் ஒரே விலையில் மூன்று சட்டைத் துணி, அதோடு 40 ரூபாய்க்கு ஒரு பை, மொத்தம் 1,090 ரூபாய். 3ப + 40 = 1,090. ப-வுக்கு முதலில் நடந்தது 3-ஆல் பெருக்கல், அப்புறம் 40 கூட்டல். திரும்பும்போது கடைசியாகச் செய்ததை முதலில் எடுக்க வேண்டும். 40-ஐக் கழித்தால் 3ப = 1,050. 3-ஆல் வகுத்தால் ப = 350. கழிக்கும் முன் 3-ஆல் வகுக்கக் கூடாதா என்றால், வகுக்கலாம், ஆனால் 40-ஐயும் சேர்த்து வகுக்க வேண்டும், அதை மறப்பார்கள்.

பின்னாலிருந்து முன்னால் போகும் இந்த வழி நம் நாட்டில் மிகப் பழையது. ஆரியபடர் 499-இல் இயற்றிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் ஒரே ஒரு சுலோகத்தில் இந்த விதியை முழுக்கச் சொல்லிவிடுகிறார். தலைகீழாகப் போகும்போது பெருக்கிய எண் வகுக்கும் எண்ணாகும், வகுத்த எண் பெருக்கும் எண்ணாகும், கூட்டியது கழிக்கப்படும், கழித்தது கூட்டப்படும். உங்கள் மகளின் ஏழாம் வகுப்புப் பாடத்துக்கு அதற்கு மேல் ஒரு சொல்கூடத் தேவையில்லை. அதை எழுதியபோது அவருக்கு வயது 23. பிள்ளைகளிடம் இந்த வயதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வீட்டில் எப்படிப் பழக்குவது என்று கேட்டீர்கள். ஒரே உட்காரலில் நாற்பது கணக்கு வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், நாலைந்து கணக்கு. ஒரே வகையாக அடுக்காமல் கலந்து கொடுங்கள்: ப + 6 = 42, 6ப = 42, ப − 6 = 42, ப/6 = 42. நாலும் பார்ப்பதற்கு ஒரே சாயல், விடைகள் 36, 7, 48, 252. பெருக்கல் கணக்கு மட்டும் பத்து கொடுத்தால் முதல் கணக்குக்குப் பின் அவள் யோசிக்கவே மாட்டாள், வகுத்துக்கொண்டே போவாள். கலந்து கொடுத்தால்தான் ஒவ்வொன்றுக்கும் நின்று, என்ன நடந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வாள். விடை போடும் முன் "ப இதைவிடப் பெரிசா, சிறிசா?" என்றும் கேளுங்கள். ப/6 = 42-இல் ப 42-ஐவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்ட பிள்ளை 7 என்று எழுதாது.

இன்னொன்று, அவளையே கணக்கு உண்டாக்கச் சொல்லுங்கள். டஜன் 1,500 ரூபாய்க்கு வாங்கிய துண்டு, ஒன்று என்ன விலை? 12ப = 1,500, ஆக 125. ஷேர் ஆட்டோவில் நாலு பேர் சமமாகப் பிரித்து ஆளுக்கு 25 கொடுத்தோம், மொத்தம் எவ்வளவு? ப/4 = 25, ஆக 100. வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்குப் போவதுதான் பின்னால் எல்லா வகுப்பிலும் மதிப்பெண் வாங்கித் தரும் வேலை, விடை காண்பது அதில் சின்னப் பகுதி.

பள்ளியில் பக்கம் மாற்றும் முறையில்தான் எழுத வேண்டும் என்று சொன்னால் அப்படியே எழுதட்டும், ஆசிரியரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். 5ப = 35, ப = 35/5, ப = 7 என்று மூன்று வரியில் முடித்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். வீட்டு நோட்டில் மட்டும் நடுவரி இருக்கட்டும். வாரம் ஒருமுறை, "35/5 எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். "அஞ்சு அந்தப் பக்கம் போச்சு" என்றால் இன்னும் கொஞ்ச நாள் நடுவரி எழுத வேண்டும். "ரெண்டு பக்கமும் அஞ்சால வகுத்தேன்" என்றால் நடுவரியை அவள் நிறுத்திக்கொள்ளலாம்.